எச்-4 பிள்ளைகளும் கலிபோர்னியாவின் உள்மாநிலக் கட்டணமும்: எங்களைப் பிடித்த நான்கு மாதங்கள்

அப்பாவின் எச்-1பி (தற்காலிகத் தொழில்முறை வேலை விசா) வேலையை ஒட்டி, எட்டு வயதில், அந்த விசாக்காரரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் டெக்சாஸுக்கு வந்தவன் நான். பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையில், 2020 ஜூலையில், குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தோம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்தில் சேர்ந்தபோது, வந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டதால், மாநில வாசிகளுக்கான குறைந்த உள்மாநிலக் கட்டணம்தான் என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் 'வெளிமாநிலத்தவர்' என்றே முடிவு வந்தது.

பிழை எங்களுடையதுதான். வகுப்பு தொடங்குவதற்கு முன் 366 நாட்கள் மாநிலத்தில் வசித்திருப்பது மட்டும் போதாது. இங்கேயே நிலைத்து வாழும் எண்ணம் இருந்ததற்கான அடையாளங்களும் அதே 366 நாட்களுக்கு இருக்க வேண்டும். மாணவர் 24 வயதுக்கு உட்பட்டவராக இருந்து பெற்றோரைச் சார்ந்திருந்தால், பெற்றோரும் அந்தச் சோதனையில் தேற வேண்டும். கொரோனாக் காலத்தில் அலுவலகங்களுக்குப் போகத் தயங்கி, அப்பா ஓட்டுநர் உரிமத்தையும் கார் பதிவையும் நவம்பரில்தான் மாற்றினார். ஜூலையில் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தும், வாசலில் நின்ற காரில் நவம்பர் வரை டெக்சாஸ் எண் பலகை இருந்தது. அந்த நான்கு மாத இடைவெளி முதல் பருவத்தைக் கொண்டுபோய்விட்டது. அன்றைய வெளிமாநிலக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 29,754 டாலர். அதில் பாதியைக் கட்டினோம். ஜனவரிப் பருவத்துக்கு முன் மறுவகைப்பாட்டு மனுவை, மாநில வருமான வரிப் படிவம், உரிமம், ஐ-797 என்ற விசா நிலை ஒப்புதல் அறிவிப்பு ஆகியவற்றுடன் கொடுத்த பிறகே 'மாநில வாசி' ஆனேன்.

இந்த இடத்தில் பலர் குழம்புவது 540 என்ற எண்ணில். மாநில வாசிகள் நிரப்பும் வருமான வரிப் படிவத்தின் பெயரும் 540. 2001-இல் வந்த, கலிபோர்னியாவில் மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்குக் கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்களிக்கும் சட்டத்தின் பெயரும் ஏபி 540. அந்த விலக்கு, டி, யு விசாக்கள் (ஆட்கடத்தலாலும் குற்றங்களாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கானவை) நீங்கலாக, தற்காலிக விசா வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. ஆவணமே இல்லாத பிள்ளைக்குத் திறக்கும் கதவு எச்-4 பிள்ளைக்கு மூடியிருப்பது விநோதம்தான். ஆனாலும் அதை எண்ணி மனம் வருந்துவதில் பயனில்லை, ஏனெனில் நமக்கு உரிய வழி வேறு. எச்-1பி, எச்-4 நிலையில் இருப்பவர்கள் இங்கே நிலைத்து வாழ எண்ணுவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுப்பதில்லை. ஆகவே ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பத்தைப் போலவே நாமும் வசிப்பிடத்தை நிறுவலாம். உலக வங்கி போன்ற பன்னாட்டு அமைப்புகளின் ஊழியர்களுடைய ஜி-4 விசாப் பிள்ளைகளுக்கு உள்மாநிலக் கட்டணத்தை மறுத்த மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் விதி செல்லாது என்று 1982 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், அந்த விசா நிலைத்து வாழ்வதைத் தடுக்கவில்லை என்பது வழக்கின் முக்கியமான கூறாக இருந்தது.

மாணவர் விசாவான எஃப்-1 இதற்கு நேர் எதிரானது. படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்புவேன் என்று சொல்லித்தான் அந்த விசாவைப் பெறுகிறோம். அதை வைத்துக்கொண்டு கலிபோர்னியாவே என் நிலையான இருப்பிடம் என்று வாதிட இயலாது. 'கல்லூரியில் சேரும்போதே எஃப்-1-க்கு மாறிவிடு, பிறகு தொல்லையில்லை' என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் உண்டு. கட்டணத்தைப் பொறுத்தவரை அதைவிட விலை கூடிய யோசனையை நான் கேட்டதில்லை.

எனினும் 21 வயதில் எச்-4 முடிந்துவிடுகிறது; அதன்பின் படிப்பைத் தொடர எஃப்-1 போன்ற வேறு விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். பச்சை அட்டை வரிசையில் இந்தியர்கள் காத்திருக்கும் காலத்தில் பல பிள்ளைகள் அந்த வயதைக் கடந்துவிடுகிறார்கள். என் 21-ஆம் பிறந்த நாள் நான்காம் ஆண்டின் டிசம்பர் இறுதியில் வந்தது. ஆகவே பள்ளியில் பெற்ற ஏபி தேர்வு (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு; ஏபி 540-உடன் தொடர்பில்லை) மதிப்பெண்களையும், கோடையில் சமுதாயக் கல்லூரியில் படித்த பாடங்களையும் (மாநில வாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர்தான்) சேர்த்து, ஒரு பருவம் முன்னதாக, டிசம்பர் நடுவில் பட்டப்படிப்பை முடித்தேன். சமுதாயக் கல்லூரிப் பாடம் எதுவும் நம் துறைக்குக் கணக்கில் வருமா என்பதைச் சேரும் முன்பே ஆலோசகரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இதற்கும் ஒரு விலை உண்டு: எஃப்-1 நிலையில் இல்லாததால் படிப்புக்குப் பிந்தைய ஓபிடி வேலை அனுமதி எனக்குக் கிடைக்கவில்லை. சென்னையில் எஃப்-1 முத்திரை பெற்று, தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைக்குத் திரும்பினேன். அங்கே உள்மாநிலம், வெளிமாநிலம் என்ற பேதமே இல்லை.

தங்கைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே, மார்ச் மாதம், 18 முடிகிறது. அப்படியென்றால் 21 வருவது கல்லூரி மூன்றாம் ஆண்டின் நடுவில். எத்தனை ஏபி தேர்வு எழுதினாலும் அதற்குள் அவள் படிப்பை முடிப்பது கடினம். 2025-26-இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வெளிமாநிலக் கூடுதல் கட்டணம் 37,602 டாலர் என்பதால், அவளுடைய கடைசி ஆண்டுக்கு அவ்வளவையும் அதற்கு மேலும் ஒதுக்கியே வீட்டு வரவுசெலவைப் போட்டிருக்கிறோம்.