பன்னிரண்டாம் பக்கத்துக் கையெழுத்து

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டால் விளையாட்டு விழா, வாத்தியாரிடம் வாங்கிய அடி, கொப்புடையம்மன் தேர் என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். நான் எழுதப்போவது ஒரு விண்ணப்பத்தைப் பற்றி. 2013 மார்ச் பிளஸ் டூ தேர்வில் எனக்குச் ‘சொல்வதை எழுதுபவர்’ ஒருவரையும், கூடுதலாக ஒரு மணி நேரத்தையும் அரசு கொடுத்தது. சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு இது தெரியும். எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு மூட்டுவாதம் வந்தது. பதினாறு வயதுக்குள் தொடங்கும் தனி வகை அது. “வாதமா? இந்த வயசிலயா?” என்று காரைக்குடியே கேட்டது. அப்பத்தா மட்டும் ஒன்றும் கேட்காது. நல்லெண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு என் கைமாட்டில் உட்கார்ந்துவிடும். மதுரை டாக்டர் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒருமுறை. ஞாயிறு இரவு போட்டால் திங்கள் முழுக்கக் குமட்டும். மாதத் தேர்வு திங்களில் வந்தால் தொலைந்தேன்.

வலியை விட மோசம் காலை இறுக்கம். ராத்திரி அசையாமல் கிடந்த மூட்டு விடிந்ததும் மடங்காது. நாங்கள் இருந்தது பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றின் இரண்டாம்கட்டில்; சொந்தக்காரர்கள் சென்னையில், நாங்கள் காவலுக்கு. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துப் போவார்கள். மார்கழியில் அதில் வெறுங்காலை வைத்துப் பார்த்திருந்தால் தெரியும். பதினோரு மணி வாக்கில்தான் என் விரல்கள் இளகும். பொதுத்தேர்வுக்கு மணி அடிப்பதோ பத்துக்கு.

அப்பாவுக்குச் சைக்கிள் கடை. பழைய ட்யூபை நாடாவாக வெட்டி என் பேனாவில் சுற்றிச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தார். மெலிசான பேனாவை இறுக்கிப் பிடிப்பதில்தான் விரல் அதிகம் நோகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பேனாவில் நாலைந்து பக்கம் ஓடும். அதற்குமேல் எழுத்து கோடாகிவிடும்.

சலுகை கேட்கலாம் என்று சொன்னது எங்கள் வகுப்பாசிரியை. அப்போதிருந்த சட்டம் 1995-இல் வந்தது. 40 சதவீத ஊனம் என்பதுதான் எல்லாவற்றுக்கும் வாசல். சான்றிதழுக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனோம். வரிசை நகர்ந்து உள்ளே போகும்போது மணி மூன்றாகிவிட்டது. நாள் முழுவதிலும் என் கை நன்றாக இருக்கும் நேரம் அது. “கையை மடக்கு” என்றார் டாக்டர். மடக்கினேன். “நல்லாத்தானேம்மா மடக்குற?” என்று எழுதிக் கொடுத்த எண் நாற்பதுக்கு வெகு கீழே. அவர் பார்த்ததைத்தான் எழுதினார். ஒருமுறை மடங்கும் விரல் மூன்று மணி நேரம் எழுதுமா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

அதோடு முடிந்தது என்று அப்பா பேச்சை விட்டுவிட்டார். விடாதவர் நம் பள்ளி ஆபீஸ் சார். டிசி வாங்கப் போனால் எரிந்து விழுவாரே, அவரேதான். “சதவீதத்தை விடுங்க. வைத்தியம் பாக்குற டாக்டர்கிட்ட, எத்தனை நிமிஷம் சேர்ந்தாப்புல எழுத முடியும், காலையில எத்தனை மணி வரைக்கும் விரல் மடங்காதுன்னு எழுதி வாங்குங்க” என்றார். அப்புறம் என் அரையாண்டு விடைத்தாளை எடுத்து முதல் பக்கத்தையும் பன்னிரண்டாம் பக்கத்தையும் ஒரே தாளில் ஜெராக்ஸ் போடச் சொன்னார். ஒன்று அச்சடித்த மாதிரி. மற்றதை நானே எழுத்துக்கூட்டித்தான் படிக்கவேண்டும். தலைமையாசிரியர் பரிந்துரையோடு அது கல்வி அலுவலகம் வழியாகச் சென்னைக்கு, அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போனது. ஆணை வந்துவிட்டது. எனக்கென்னவோ மற்ற காகிதங்களை விட அந்த ஜெராக்ஸ்தான் பேசியது என்று தோன்றும்.

மொழிப்பாட விலக்கும் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். வலிப்பது விரல், தமிழை எதற்கு விடவேண்டும்? கேட்கவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. ஒருவர் எழுத நாம் சொல்வது தனி வித்தை, யாரும் பழக்கிவிடுவதில்லை. எனக்கு எழுத வந்தவர் வேறு பள்ளி ஆசிரியை, கணக்குப்பதிவியல் தெரியாதவர். “இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. முதல் வரி தொடக்கச் சரக்கிருப்பு. அடுத்து கொள்முதல், தொகையை உள்பத்தியில போடுங்க டீச்சர். கீழே ‘கழிக்க’, கொள்முதல் திருப்பம். மீதியை வெளிப்பத்தியில…” வியாபாரக் கணக்கு ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. பற்று வரவிலேயே பிழைத்த ஊரில் பிறந்தும், ஒரு பேரேட்டை வாயால் கட்டுவது இத்தனை பாடு என்று அன்றுதான் தெரிந்தது. தம்பியை உட்காரவைத்துச் சொல்லிப் பழகியிருந்ததால் தப்பித்தேன்.

“உனக்கு மட்டும் நாலு மணி நேரமா?” என்று தோழிகள் கேட்டார்கள். ஒன்று சொல்லவேண்டும்: அந்தக் கூடுதல் மணி எனக்கு அவ்வளவாக உதவவில்லை. உட்கார்ந்தே இருந்தால் இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். இன்னொரு மணி நேரம் உட்காரவைப்பது அதே வலியை நீட்டுவதுதான். நடுவில் எழுந்து நடக்கவிட்டிருந்தால் போதும். ஆணையில் அது இல்லை. இரண்டாம் தேர்வில் நான் நெளிவதைப் பார்த்த முதன்மைக் கண்காணிப்பாளர் அவராகவே, “கூட ஒரு டீச்சரை வச்சுக்கிட்டு வராந்தாவுல ரெண்டு நடை நடந்துட்டு வா” என்றார். அந்த ரெண்டு நடையில்தான் மற்ற தேர்வுகள் ஓடின.

2016-இல் புதுச் சட்டம் வந்து ஊனப் பட்டியல் 7-இலிருந்து 21 ஆனது. நாள்பட்ட வலி என்று தனியாக எதுவும் அதில் இல்லை. பெரிய மாற்றம் 2021 பிப்ரவரியில் வந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள விகாஷ் குமார், குடிமைப் பணித் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்குப் போட்டிருந்த சதவீதம் 6. நாற்பது இல்லை என்பதற்காக எழுதுபவரை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பு. எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். இறங்கவேண்டிய நிலையம் போய்விட்டது. 2022 ஆகஸ்டில், நாற்பதுக்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கென்றே மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறையும் வெளியிட்டது.

தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. விண்ணப்பம் நம் பள்ளி ஆபீசிலிருந்துதான் கிளம்பவேண்டும். ஜனவரியில் ஓடினால் ஆகாது, ஜூனிலேயே தொடங்கவேண்டும். டாக்டரைக் காலையில் பாருங்கள். அரையாண்டு விடைத்தாளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நம் சங்கம் வருஷாவருஷம் சுழற்கோப்பை கொடுக்கிறது, சரி. அதோடு சாய்வு மேசை ஒன்றும் முதுகு தாங்கும் நாற்காலி ஒன்றும் வாங்கிக் கொடுப்போம். என் பங்கை அனுப்பிவிட்டேன். படிவம் நிரப்ப வழி தெரியாத பெற்றோர் யாராவது இருந்தால் செயலாளர் அண்ணனிடம் சொல்லுங்கள், என் எண்ணைத் தருவார். சிங்கப்பூர் நேரம் இரவு ஒன்பதுக்கு மேல் கூப்பிட்டால் நிதானமாகப் பேசலாம்.