பிளாக்பர்ன் நெசவாளர் ஒருவரின் பிறப்பைத் தேடி

என் கணவரின் தாய்வழி முன்னோர்கள் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், பிளாக்பர்ன் நகரத்துப் பஞ்சாலைகளில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தவர்கள். என் மாமியாருக்குத் தன் தாத்தா வரைதான் தெரியும். தாத்தாவின் அப்பா எங்கே பிறந்தார், அவரைப் பெற்றவர்கள் யார் என்று கேட்டால் வீட்டில் எவரிடமும் பதில் இல்லை. அந்தக் காலத்துப் பெரியவர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே நழுவிவிடுவார்களாம். அந்தக் கொள்ளுத்தாத்தாவை ஆவணங்களின் வழியே எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை எழுதுகிறேன். ஆங்கிலேயக் குடும்பத்தில் மணம் முடித்தவர்களுக்கும், இங்கிலாந்திலிருந்து வந்த முன்னோர்களைத் தேடும் ஆங்கிலோ இந்திய நண்பர்களுக்கும் இது பயன்படும்.

கையில் இருப்பவை இரண்டு வகைப் பதிவுகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்வது 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தாலும், நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது 1841 முதல்தான். கணக்கெடுப்பு ஏடுகள் நூறு ஆண்டுகள் பூட்டிவைக்கப்படுவதால் இப்போது 1921 வரை பார்க்கலாம். 1931ஆம் ஆண்டின் ஏடுகள் 1942இல் தீக்கிரையாயின. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இந்தப் பெரிய இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பரில் எடுக்கப்பட்ட பதிவேடு.

தெரிந்தவரிடமிருந்து தெரியாதவரை நோக்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். மாமியாரின் பிறப்புச் சான்றிதழில் ஆரம்பித்து, அவருடைய அப்பா, தாத்தா என்று சிக்கலில்லாமல் போய்ச் சேர்ந்தேன். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில் அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் இருந்தது. அதை வைத்து 1879ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு கிடைத்தது. மாப்பிள்ளைக்கு வயது 22, தொழில் நெசவு, தகப்பனார் பெயர் இன்னது என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் 1857ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தக் குடும்பப்பெயரில் அப்படியொரு குழந்தை பிளாக்பர்னில் பிறந்ததாகப் பதிவே இல்லை.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பக்கத்து ஊரில் அதே பெயரில், அதே வயதில் ஒரு குழந்தை இருக்கும். அதைத் தூக்கிவந்து தங்கள் வம்சத்தில் ஒட்டிவிடுவார்கள். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுவார். இணையத்தில் கிடைக்கும் எத்தனையோ வம்சாவளிகள் இப்படி வளர்ந்தவை. ஒரு பதிவு சொல்வதை வேறு ஒரு பதிவு உறுதிப்படுத்தாதவரை எந்தப் பெயரையும் சேர்ப்பதில்லை என்று நான் உறுதியாக இருந்தேன். எந்தத் தாளை எடுத்தாலும், இதைச் சொன்னவர் யார், எழுதியவர் யார் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். திருமணப் பதிவில் தகப்பன் பெயரைச் சொல்பவர் மாப்பிள்ளை. அவர் சொன்னதைத்தான் பாதிரியார் எழுதுவார்.

1871 கணக்கெடுப்பில் அவர் கிடைத்தார். வயது 14, நெசவாளர், குடும்பத் தலைவருக்கு உறவு 'மகன்'. அவருக்கு அடுத்த தம்பிக்கு வயது ஆறு! பிறகு வரிசையாகச் சின்னக் குழந்தைகள். மூத்தவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே எட்டு ஆண்டு இடைவெளி என்றால், ஒன்று இடையில் குழந்தைகள் இறந்திருக்க வேண்டும், அல்லது மூத்தவன் இந்தத் திருமணத்துக்கு முன்பே பிறந்தவனாக இருக்க வேண்டும். இதையும் கவனியுங்கள்: வீட்டார் நிரப்பிக் கொடுத்த படிவத்தைக் கணக்கெடுப்பாளர் வாங்கிப்போய்த் தன் ஏட்டில் படியெடுப்பார். 1901 வரை நம் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அந்தப் படிகளே. மனைவிக்கு முன்பே பிறந்திருந்த மகனையும் குடும்பத் தலைவரின் வெறும் 'மகன்' என்று எழுதியது சர்வசாதாரணம்.

அந்த அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் தெரிந்தால் முடிச்சு அவிழும். அதற்குத் தம்பி தங்கைகள் உதவினார்கள். பழைய பிறப்பு அட்டவணைகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் இருக்கும். ஆனால் பொதுப் பதிவு அலுவலகம் தன் இணையதளத்தில் புதிதாகத் தயாரித்து வைத்திருக்கும் அட்டவணையில் 1837 முதலே அதைச் சேர்த்திருக்கிறார்கள். பார்க்கக் கட்டணமும் கிடையாது. இதை அறியாமல் பழைய அட்டவணையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். ஆறு வயதுத் தம்பியின் பதிவில் தாயின் பெயரைப் பிடித்தேன். அதைக் கொண்டு 1864இல் நடந்த திருமணத்தையும் பிடித்தேன். மணப்பெண் 'கன்னி' என்று அதில் எழுதியிருந்ததால் அவர் விதவையாக மறுமணம் செய்யவில்லை என்பதும் தெளிவாயிற்று. பிறகு அவருடைய குடும்பப்பெயரிலேயே 1857ஐத் தேடினேன். மார்ச் காலாண்டு, பிளாக்பர்ன் வட்டம், அதே முதற்பெயர். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும். மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த அட்டவணையில் அப்படித்தான் வரும்.

சான்றிதழின் நகல் வந்தபோது தகப்பன் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. தகப்பன் தொழிலுக்கான கட்டமும் அப்படியே. தாயின் பெயருக்குப் பக்கத்தில் பஞ்சாலை நெசவாளர் என்று அவளுடைய தொழில் இருந்தது. தகவல் தந்தவர் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி, அதைச் சுற்றிப் பதிவாளரின் கையெழுத்தில் 'இன்னாருடைய குறி' என்ற சொற்கள். எழுதத் தெரியாத அந்தப் பெண் தானே பதிவாளரிடம் வந்து, தன் பிள்ளையைத் தன் பெயரில் பதிந்துவிட்டுப் போயிருக்கிறாள். பதியாவிட்டால் அபராதம் என்ற சட்டம் வந்தது 1875இல்தான். அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பே அவள் இதைச் செய்திருக்கிறாள். என் மாமியாரின் எள்ளுப்பாட்டி அவள். அந்தக் குறியைப் பார்த்ததிலிருந்து அவள் மீது எனக்குப் பெரிய மரியாதை.

1861 கணக்கெடுப்பும் இதை உறுதிப்படுத்த வேண்டுமே. ஒரு கட்டண இணையதளத்தில் அந்தக் குடும்பப்பெயரை யாரோ தவறாகப் படித்து ஏற்றியிருந்தார்கள். எனவே குடும்பப்பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், வயது நான்கு, பிறந்த ஊர் என்று மட்டும் கொடுத்துத் தேடினேன், கிடைத்துவிட்டான். தாயின் பெற்றோர் வீட்டில், 'பேரன்' என்ற உறவோடு இருந்தான். வேலைக்குப் போகும் வயதில் இருந்த எல்லோருக்கும் பஞ்சாலை வேலை. அந்தக் கணக்கெடுப்பு நடந்தது ஏப்ரல் 7 இரவுக்கு. ஐந்தே நாளில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. பருத்தி வரத்து நின்று, அடுத்த ஆண்டு லங்காஷயர் ஆலைகள் வரிசையாக மூடின. அந்த வீட்டின் அடுப்பு எப்படி எரிந்தது என்று எந்தப் பதிவும் சொல்லவில்லை.

மாமியாரிடம் தயங்கித்தான் சொன்னேன். அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதற்காகவா இத்தனை காலம் மறைத்தார்கள்? பாவம் அந்தப் பெண்" என்றார். அதன் பிறகு தேடலில் என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

1911 படிவத்தைப் பார்க்காமல் யாரும் விட்டுவிடக் கூடாது. அந்த ஆண்டில்தான் வீட்டுக்காரர் தன் கையால் நிரப்பிய படிவமே பத்திரப்படுத்தப்பட்டது. (உங்கள் குடும்பத்துப் பெண் எவரும் அதில் காணவில்லை என்றால், வாக்குரிமை கோரிக் கணக்கெடுப்பைப் புறக்கணித்தவர்களுள் ஒருவராகவும் இருக்கலாம்.) மணமான பெண்ணுக்கு எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். கொள்ளுத்தாத்தா கோணல்மாணலான எழுத்தில் பிறந்தவர் 9, இருப்பவர் 5, இறந்தவர் 4 என்று நிரப்பியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. அன்றிரவு வீட்டில் இருப்பவர்களை மட்டுமே எழுத வேண்டிய வரிகளில், இறந்துபோன நான்கு பிள்ளைகளின் பெயர்களையும் எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் யாரோ அந்த நான்கு வரிகளையும் மையால் அடித்திருக்கிறார்கள். அடித்தல் ஒற்றைக் கோடு என்பதால் பெயர்களைப் படிக்க முடிகிறது.

பெயர் கிடைத்ததும் பொதுப் பதிவு அலுவலக அட்டவணையில் தகப்பன் குடும்பப்பெயரையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துக் கொடுத்து நான்கு பிறப்புகளையும் எடுத்தேன். இறப்பு அட்டவணையில் வயது இருப்பதால் அவையும் பொருந்தின. நால்வரும் மூன்று வயதைத் தாண்டவில்லை. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பிறந்து, நடுவிலேயே இறந்தவர்கள் ஆதலால் வேறு எந்தக் கணக்கெடுப்பிலும் அவர்கள் இல்லை. நான்கு பேரையும் தேதியோடு வம்சாவளியில் எழுதிச் சேர்த்தோம்.

அதற்குப் பின்னால் போகும் பாதையும் பெரிதாகச் சிரமப்படுத்தவில்லை. 1851 கணக்கெடுப்பு பிறந்த ஊரைச் சொல்லும். எள்ளுப்பாட்டியின் தகப்பன் பிறந்தது பிளாக்பர்னை அடுத்த மெல்லர் கிராமம். 1841இல் அவர் கைத்தறி நெசவாளர். அந்த ஆண்டு ஏட்டில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், ஆகவே 30 என்றால் 34 வரை இருக்கலாம். 1837க்கு முன்பு தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள்தாம் கதி. லங்காஷயருக்கு அவற்றில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்ததால் தகப்பனின் தொழிலும் இருப்பிடமும் கிடைக்கின்றன.

அந்தக் காலிக் கட்டத்துக்கு உரியவர் யார் என்பது மட்டும் மிச்சம். 1844ஆம் ஆண்டுச் சட்டப்படி மணமாகாத தாய் உள்ளூர் நீதிபதிகளிடம் போய்ப் பிள்ளையின் தகப்பனிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்கலாம். அவள் கேட்டிருந்து, அந்த ஏடும் தப்பியிருந்தால், அதில் அவன் பெயர் இருக்கும். அதைப் பார்க்க நானும் மாமியாரும் பிரஸ்டன் நகரிலுள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த மாதம் போகிறோம்.