உறைந்துபோன பிரீதர் குழாயும் கைவிரித்த கார் நிறுவனமும்

கடுங்குளிர் நாள் ஒன்றில், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோதே எங்கள் காரின் இன்ஜின் ஆயிலில் பெரும்பகுதி வெளியே கொட்டிவிட்டது. கார் வாங்கி அதிக காலம் ஆகவில்லை. நிறுவனம் கொடுத்த உத்தரவாதம் நடப்பில் இருந்தது. இருந்தும், பழுதுபார்க்கும் செலவை ஏற்கும்படி கேட்டபோது, இது வானிலையால் ஏற்பட்ட சேதம், உத்தரவாதத்தில் வராது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து ஒரு பகுதித் தொகையையாவது பெற்றது வரை நடந்ததை, குளிர்ப் பிரதேசத்தில் கார் ஓட்டுபவர்களுக்கு உதவும் என்பதற்காக எழுதுகிறேன்.

எந்த பெட்ரோல் இன்ஜினிலும், சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் உருவாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விட்டாலும், கீழே இறங்கும் வாயுவிலும் ஈரம் இருக்கவே செய்யும். அந்த வாயு அறைக்குள் தேங்கி அழுத்தத்தைக் கூட்டிவிடாதபடி, அதை ஒரு குழாய் வழியாக இன்ஜின் காற்று இழுக்கும் பாதைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இந்த அமைப்பு 1960களிலேயே கார்களில் பரவலாக வந்துவிட்டது. புதுமையானதும் அல்ல, புரியாததும் அல்ல. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ உள்ள இன்ஜின்களில் இந்தப் பிரீதர் குழாய் டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயில் சென்று சேர்கிறது. வெளியிலிருந்து வரும் உறைகுளிர் காற்றும் உள்ளிருந்து வரும் ஈரமான வெப்ப வாயுவும் சந்திக்கும் இடம் அதுதான். குளிர் மிகுந்து, குழாய்க்குப் போதிய உறையும் இல்லாவிட்டால், அந்தக் குழாயின் வாயில் பனிக்கட்டி கட்டத் தொடங்கி, கடைசியில் முழுதாக அடைத்துக்கொள்கிறது. அதன்பின் உள்ளே ஏறும் அழுத்தம் இருப்பதிலேயே பலவீனமான இடத்தைத் தேடும்: சில கார்களில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் எகிறி வெளியே வந்துவிடும், வேறு சிலவற்றில் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் இருப்பிடத்தைவிட்டு நகர்ந்துவிடும். எங்கள் காரில் நடந்தது இரண்டாவது.

அன்று காரின் திரை −24 டிகிரி செல்சியஸ் காட்டியது. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்ததும் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டோம். இறங்கிப் பார்த்தால், வந்த வழி நெடுக வெண்பனிமேல் கறுப்பாக ஒரு கோடு நீண்டிருந்தது. இழுவை வண்டியுடன் வந்தவர் பானட்டைத் திறந்து, காற்றுக் குழாயின் இணைப்பைக் கழற்றிக் காட்டினார். கட்டைவிரல் நுழையும் அளவுள்ள வாய் முழுவதும் பனிக்கட்டி. அதன் ஓரத்தில் தண்ணீரும் ஆயிலும் கலந்த வெளிர்மஞ்சள் களிம்பு உறைந்து ஒட்டியிருந்தது. இதே மாதிரி அடைப்புகளை முந்தைய குளிர்காலங்களிலும் பார்த்திருப்பதாகவும், வண்டி சூடான பணிமனைக்குள் போய்விட்டால் எல்லாம் உருகிப்போய் எந்தத் தடயமும் இருக்காது என்பதால் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார். குழாயின் வாய், கழற்றிய இணைப்பு, வெப்பநிலையும் ஓடிய தூரமும் ஒன்றாகத் தெரியும் திரை, சாலையில் இருந்த ஆயில் கோடு என்று வரிசையாக எடுத்துவைத்தோம். இந்த விவகாரத்தில் எங்கள் கையில் இருந்த மிக வலுவான சான்று அந்தப் படங்கள்தான். முன்பின் அறியாத அந்த மனிதருக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. டீலரின் சர்வீஸ் மையத்தில் காரை இரவு முழுவதும் சூடான கூடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, மறுநாள் பரிசோதித்த அறிக்கையில் 'குழாயில் அடைப்பு ஏதும் காணப்படவில்லை' என்று எழுதியிருந்தார்கள். பின்பக்க ஆயில் சீல் வெளியே தள்ளப்பட்டிருப்பதை மறுக்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில் மட்டும் 'வெளிப்புறச் சூழல்' என்று இருந்தது. அந்த சீல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையம், அதன் விலை அற்பம். ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்பதால் செலவு முழுவதும் வேலைக்கூலியில்தான் இருக்கிறது.

உத்தரவாதப் புத்தகத்தில் விலக்குகள் உள்ள பக்கத்தை எழுத்து விடாமல் படித்தேன். ஆலங்கட்டி மழை, வெள்ளம், மின்னல், புயல், சாலையில் தூவும் உப்பு, தெறிக்கும் கல் ஆகியவற்றால் வரும் சேதம் உத்தரவாதத்தில் சேராது என்று இருந்தது. இது நியாயம்தான், ஆலங்கட்டி விழுந்து கூரை நசுங்கினால் அதற்குக் காரைச் செய்தவர் பொறுப்பாக முடியாது. ஆனால் குளிர் எங்கள் காரின் மேல் வந்து விழுந்து எதையும் உடைக்கவில்லை. அந்தக் குளிரில் ஓட வேண்டிய ஓர் இயந்திரம் அந்தக் குளிரில் மூச்சு விட முடியாமல் தன்னைத்தானே சேதப்படுத்திக்கொண்டது. வெளியிலிருந்து வந்த சேதத்துக்கும் வடிவமைப்பின் போதாமைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் பேசிய யாரும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த வேறுபாட்டுக்கு நிறுவனத்தின் கையேட்டிலேயே ஆதாரம் இருந்தது. வெப்பநிலைக்கு ஏற்ப ஆயிலைத் தேர்ந்தெடுக்கும் அட்டவணையில் −30 டிகிரிக்கும் கீழ்வரை கோடு போட்டு, அங்கே 0W வகை ஆயில் ஊற்றும்படி சொல்லியிருந்தார்கள். 0W என்ற குறி பெறும் ஆயில், குளிரில் இன்ஜினைச் சுற்றவிடுகிறதா என்று −35 டிகிரியில் சோதிக்கப்படுவது. −30 டிகிரியில் எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்த நிறுவனம், −24 டிகிரியை எதிர்பாராத வானிலை என்று எப்படிச் சொல்ல முடியும்?

தொலைபேசியில் பேசுவதால் பயன் ஏதும் விளையவில்லை. ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுப்பார், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். முடிவு டீலருடையது என்பார். டீலரோ, முடிவு நிறுவனத்துடையது என்பார். இதற்கிடையில் எங்களுக்குத் தெரிவிக்காமலேயே புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று முடித்தும் வைத்திருந்தார்கள். அதன்பின் பேச்சை விட்டுவிட்டு, மறுப்பதானால் எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள் என்பதை அதன் எண்ணோடு எழுத்தில் தர வேண்டும் என்று மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய அஞ்சலிலும் கேட்டேன். அதன்பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. எழுத்தில் வந்த பதிலில் வானிலை பின்னுக்குப் போய், குறுந்தூர ஓட்டத்தால் ஆயிலில் நீர் சேர்ந்திருக்கலாம் என்று புதிதாக ஒரு காரணம் முளைத்திருந்தது.

குறுந்தூர ஓட்டத்தில் நீர் சேரும் என்பது உண்மைதான். குளிரூட்டி நீர் சூடேறிய பிறகும் ஆயில் சூடாகக் கூடுதல் நேரம் ஆகும்; ஆயில் நன்கு சூடானால்தான் அதில் சேர்ந்த நீர் ஆவியாகி வெளியேறும். ஆனால் கையேடு இதையும் அறிந்தே, குளிரில் அடிக்கடி குறுந்தூரம் ஓடும் கார்களுக்குக் கடினப் பயன்பாடு என்ற தலைப்பில் ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துச் சொல்லியிருந்தது. நாங்கள் அந்தக் கடினப் பயன்பாட்டு அட்டவணையின்படியே, அவர்களுடைய சர்வீஸ் மையத்திலேயே ஆயில் மாற்றி வந்தோம். எல்லா ரசீதுகளும் இருந்தன. எஞ்சியிருந்த ஆயிலை வடிக்கும்போது சுத்தமான பாட்டிலில் சிறிது பிடித்துத் தரச் சொல்லி, ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். வகை சரியானது, நீர் கலந்திருந்தது, உலோகத் தேய்மானம் வழக்கத்துக்கு மேல் இல்லை என்று முடிவு வந்தது.

பழுதுபார்க்க ஒப்புதல் கொடுத்தபோது, கழற்றிய பாகங்கள் அனைத்தும் எங்களிடமே திரும்ப வர வேண்டும் என்று வேலை உத்தரவில் எழுதவைத்து, அதன் பிறகே கையெழுத்திட்டேன். இது மிக முக்கியமானது. பலர் பழைய பாகத்தைக் குப்பை என்று அங்கேயே விட்டுவிடுகிறார்கள். தனியார் பொறியாளர் ஒருவரிடம் பழைய சீலைக் காட்டினோம். உதடு போன்ற அதன் உள்விளிம்பு தேயாமல், கிழியாமல் புதிதுபோலவே இருந்தது. வளையம் முழுதாக உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டிருந்தது. தேய்மானத்தால் கசிந்த சீலுக்கும் அழுத்தத்தால் தள்ளப்பட்ட சீலுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் படங்களோடு விளக்கி அறிக்கை எழுதிக் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய செய்தி புதிய பிரீதர் குழாயில் இருந்தது. பழைய குழாய் வெறும் ரப்பர். அதற்குப் பதிலாக வந்ததன்மேல் விரல் கனத்துக்கு நுரை உறை போர்த்தியிருந்தது. பாக எண்ணின் கடைசி எழுத்தும் மாறியிருந்தது. அதாவது, இப்படி ஒரு குறைபாடு எங்கள் கவனத்துக்கு வந்ததே இல்லை என்று கடிதத்தில் எழுதிய அதே நிறுவனம், அதே குழாயைக் குளிர் தாங்கும்படி திருத்தி விற்பனைக்கும் அனுப்பியிருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம் என்பதைவிட வருத்தம் என்றே சொல்ல வேண்டும். குறைபாட்டைத் திருத்தியது நல்ல காரியம்; திருத்தியதை மறைத்து, பழியை வானத்தின் மேலும் ஓட்டியவர் மேலும் போட்டதை ஏற்க முடியவில்லை.

முதலில், நல்லெண்ண அடிப்படையில் சீலின் விலையை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். அதை மறுத்து, உறைந்த குழாயின் படம், ஆயில் ஆய்வு, பொறியாளரின் அறிக்கை, இரு குழாய்களையும் அருகருகே வைத்து எடுத்த படம் ஆகியவற்றை ஒரே கோப்பாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். குறித்த தேதிக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன் என்றும் எழுதினேன். அதற்குப் பிறகு பாகங்களின் விலை முழுவதையும் வேலைக்கூலியில் பாதியையும் ஏற்றுக்கொண்டார்கள். இழுவைக் கட்டணமும் கூலியின் மீதியும் எங்கள் தலையில்தான் விழுந்தன. ஒப்பந்தக் கடிதத்தில், சேதம் வானிலையால் ஏற்பட்டது என்று நான் ஒப்புக்கொள்வதாக ஒரு வாக்கியம் நுழைக்கப்பட்டிருந்தது. அதை அடித்துத் திருத்தி அனுப்பிய பிறகே கையெழுத்துப் போட்டேன். இப்படிப்பட்ட கடிதங்களில் தொகையைவிட இத்தகைய வாக்கியங்களைத்தான் முதலில் தேட வேண்டும், ஏனெனில் அடுத்த குளிர்காலத்தில் அதே இடம் மறுபடி கெட்டால் நாம் எழுதிக் கொடுத்ததே நமக்கு எதிராக வந்து நிற்கும்.

ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை: உறையில்லாத பழைய குழாயோடு ஓடும் மற்ற கார்களின் உரிமையாளர்களுக்கு இதைச் சொல்வார்களா? மீண்டும் எழுதியிருக்கிறேன். அதுவரை, கடுங்குளிரில் டர்போ பெட்ரோல் கார் ஓட்டுபவர்கள் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தில் வெளிர்மஞ்சள் களிம்பு படிந்திருக்கிறதா, டிப்ஸ்டிக் தானாக மேலெழும்பியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். களிம்பு இருந்தால் காரை நீண்ட தூரம் ஓட்டி ஆயிலை நன்கு சூடாக்குங்கள். அடுத்த சர்வீஸில் பிரீதர் குழாயின் பாக எண்ணைக் கேட்டு, திருத்திய வடிவம் வந்திருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.