அட்ரினலை எடுத்தது சுலபம், ஊசி வாங்கியதுதான் பாடு

எனக்குக் குஷிங்ஸ் நோய்: மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி வந்து, உடம்பில் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறிப் போவது. மூக்கு வழியாக அந்தக் கட்டியை எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. கடைசியில் சிறுநீரகங்களின் மேல் இருக்கும் இரண்டு அட்ரினல் சுரப்பிகளையும் லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். கோவையில்தான். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

அதற்கு முன்பு இழுத்தடித்தது இன்சூரன்ஸ். "கட்டி தலையில் இருக்கிறது, வயிற்றில் எதற்கு ஆபரேஷன்?" என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். பிட்யூட்டரியிலிருந்து வரும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன்தான் அட்ரினலை ஓயாமல் கார்ட்டிசால் சுரக்க வைக்கிறது என்று டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகே ஃபைல் நகர்ந்தது. அந்தக் கடிதத்தையும் பழைய ஆபரேஷன் சம்மரியையும் முதலிலேயே சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

அட்ரினல் சுரந்ததற்குப் பதிலாக இனி ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்ற இரண்டு ஸ்டீராய்டு மாத்திரைகளும் ஆயுசுக்கும். இரண்டாவது மாத்திரையைக் கோபியில் நான் கேட்ட மெடிக்கல்களில் "ஆர்டர் போட்டுத்தானுங்க வரும்" என்றார்கள். தீரும்வரை காத்திருக்காதீர்கள். பெரியம்மா வேறு, "ஸ்டீராய்டு ஆகாது கண்ணு, மெல்ல விட்டுரு" என்கிறார். விட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவருக்கு இன்னும் புரியவைக்க முடியவில்லை.

ஒரு ராத்திரி வாந்தியும் பேதியும். போட்ட மாத்திரை வயிற்றில் தங்கவில்லை, எழுந்தால் கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டி டாக்டர் சாப்பாட்டுக் கோளாறு என்று குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "ஸ்டீராய்டெல்லாம் ரிப்போர்ட் வந்தப்புறம் பார்க்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர் சத்தமே போடாத ஆள். "சுரப்பியே இல்லீங்க டாக்டர், ரிப்போர்ட்ல என்னத்தைங்க பார்ப்பீங்க?" என்று டிஸ்சார்ஜ் சம்மரியை மேசையில் போட்டு, கோவை டாக்டரையும் போனில் பிடித்துக் கொடுத்தார். அப்புறம்தான் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசியும் சலைனும். அந்த ஊசி அவர்கள் மெடிக்கலிலேயே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். விடிந்ததும் காபி கேட்டேன்.

இப்போது போன் கவருக்குள் ஓர் அட்டை: "இரண்டு அட்ரினலும் இல்லை. வாந்தி, மயக்கம் என்றால் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி." டாக்டரின் கையெழுத்தும் சீலும் இருப்பதால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. காய்ச்சல் வந்தால் மாத்திரையை எவ்வளவு கூட்டுவது என்பதையும் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

பிட்யூட்டரிக் கட்டி வளர்கிறதா என்று எம்ஆர்ஐயும் ஏசிடிஎச்சும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கட்டி வளர்ந்து ஏசிடிஎச் கூடினால் தோல் கறுக்குமாம்; அப்படிக் கறுத்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஊசி மருந்தும் சிரிஞ்சும் தயாராக இருக்கின்றன. தொடையில் போட வீட்டுக்காரர் நர்ஸிடம் கற்றுக்கொண்டுவிட்டார்.