வாலுக்குள் இருந்த வாள்

ஜப்பான் அரச குடும்பத்தின் புனிதச் சின்னங்களில் ஒன்றான குசனாகி வாள் கதையில் எனக்குப் பிடித்தது வீரமில்லை, சரக்கு யோசனைதான். எட்டுத் தலைப் பாம்புக்கு எட்டுத் தொட்டி நிறைய சாக்கே என்ற அரிசி மதுவை ஊற்றிவைத்து, அது குடித்து மட்டையானதும் வெட்டித் தள்ளுகிறான் புயல் கடவுள் சுசனோ. வாலை வெட்டும்போது அவன் வாளின் விளிம்பு உடைகிறது. பிளந்து பார்த்தால் உள்ளே இன்னொரு வாள்! அதை அக்காவான சூரியக் கடவுள் அமதெராசுவிடம் கொடுத்துவிடுகிறான்.

இப்போது அது நகோயாவின் அட்சுதா ஆலயத்தில் இருப்பதாக நம்பிக்கை. யாருக்கும் காட்டுவதில்லை. 668இல் ஒரு பிட்சு திருடிக்கொண்டு கொரியாவின் சில்லா நாட்டுக்குக் கிளம்ப, புயல் மழை வழிமறித்துத் திருப்பிவிட்டதாம்.

அப்புறம் 1185இல், தான்-நோ-உரா கடற்போரில் அரச வாள் கடலுக்குள் போனது. அது அரண்மனையில் இருந்த பிரதிதான் என்கிறார்கள். 2019இல் பேரரசர் நருஹித்தோ அரியணை ஏறியபோது வந்ததும் பிரதியே, அதுவும் மூடிய பெட்டிக்குள்!