மார்கழிக் குளிரில் காஸ் ஏறிய இஞ்சி பீர்

நேற்று ராத்திரி பாட்டில் மூடியின் கம்பிப் பூட்டைத் தூக்கியதும் 'புஸ்' என்று சத்தம் வந்தது. டம்ளரில் ஊற்றினால் ஒரு விரல் உயரத்துக்கு நுரை, அடியிலிருந்து பொடிப்பொடியாக விடாமல் ஏறும் குமிழ். மூன்று முறை சப்பென்று போய், நாலாவது முறை கைகூடிய இஞ்சி பீர் இது. அவ்வளவு சந்தோஷம்.

முந்தைய மூன்று முறையும் கணக்கில் தப்பில்லை. ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மிதவை) இரண்டு நாள் அசையாமல் நின்ற பிறகுதான் பாட்டிலில் அடைத்தேன். பாட்டிலுக்குள் காஸ் ஏற லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை, பாகாகக் காய்ச்சிக் கலந்தது. ஈஸ்ட் தின்னும் சர்க்கரை எடையில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாகிவிடும். அப்படியானால் லிட்டருக்கு 4 கிராம். ஏற்கெனவே கரைந்திருப்பதையும் சேர்த்தால் தாராளம். ஆனாலும் பத்து நாள் கழித்துத் திறந்தால் சத்தமே இல்லை.

முதலில் மூடியின் ரப்பர் வளையத்தைத்தான் சந்தேகப்பட்டேன். ஆறு பாட்டிலுக்கும் புது வளையம் மாற்றியும் அதே கதை. மூன்றாவது முறைதான் நாக்கு கண்டுபிடித்தது: லேசாக இனித்தது. வளையம்தான் கசிந்தது என்றால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இனிப்பும் போயிருக்க வேண்டுமே! சர்க்கரை இருக்கிறது என்றால் ஈஸ்ட் வேலையே செய்யவில்லை.

எங்கள் வீடு ஈஸ்வரன் கோயில் வீதிப் பக்கம் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு. சுவர் இரண்டடி கனம், நடுவில் முற்றம், சிவப்புத் தரை. வெயில் காலத்தில் சொர்க்கம். மார்கழியில் பின்னறைத் தரை விடியற்காலை 21 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. புதுச்சேரியில் இதுவே குளிர். என் இஞ்சிப் புளிப்பு (இஞ்சியும் சர்க்கரையும் போட்டு ஈஸ்ட் வளர்க்கும் உறை) 32 டிகிரியில் வளர்ந்து பழகியது. போதாததற்கு, தெளியட்டும் என்று ஜாடியை இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். ஈஸ்ட் பெரும்பாலும் அடியில் படிந்துவிட்டது. மேலே தெளிந்ததை மட்டும் ஜில்லென்று பாட்டிலில் ஊற்றி, ஜில்லென்ற தரையில் வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் புலம்பியபோது, "மார்கழியில நம்ம வீட்டுல இட்லி மாவே பொங்காது. நான் இன்வெர்ட்டர் மேல வைக்கிறத நீ பார்த்ததில்லையா?" என்றார். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்வெர்ட்டர் மேல் கண்ணாடி பாட்டில் வைக்க மனமில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகப் பக்கம் மீனுக்கு ஐஸ் போடும் தெர்மகோல் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். வாடை போக எலுமிச்சைத் தோல் தேய்த்து இரண்டு நாள் காயவைக்க வேண்டியிருந்தது. உள்ளே ஓர் எவர்சில்வர் தூக்கில் கொதிக்கும் தண்ணீர். தெர்மாமீட்டர் 34 காட்டியது, விடியும்போது 23. இந்த ஏற்ற இறக்கத்தைச் சரிபண்ணவே நாலு நாள் ஆனது.

கடைசியில் புரிந்த விஷயம்: நான் அளந்தது பெட்டிக்குள் இருக்கும் காற்றை. காற்று உடனே சூடாகி உடனே ஆறும். பாட்டிலுக்குள் இருக்கும் திரவம் நிதானமாகத்தான் மாறும். அதனால் ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர் நிரப்பி, சென்சார் ஒயரை அதற்குள் விட்டு வாயை டேப்பால் ஒட்டினேன். அப்புறம்தான் நம்பத் தகுந்த எண் கிடைத்தது. கொதிதண்ணீர் வேண்டாம், 60 டிகிரித் தண்ணீர், இரண்டு தூக்கு, எதிரெதிர் மூலையில். காலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் மாற்றினால் தண்ணீர் பாட்டில் 26க்கும் 28க்கும் நடுவிலேயே நிற்கிறது. இந்த முறை ஃப்ரிட்ஜில் தெளிய வைக்கவும் இல்லை. அடியில் கொஞ்சம் வண்டல், இருக்கட்டும்.

வழக்கம்போல, காஸ் ஏறியதை அமுக்கிப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் சேர்த்து அடைத்தேன். மூன்றாம் நாள் அமுக்கினால் கொஞ்சம் உள்ளே போனது. ஐந்தாம் நாள் கல் மாதிரி. உடனே எல்லாம் ஃப்ரிட்ஜுக்குள். இரண்டு நாள் பொறுக்க வேண்டும். குளிர்ந்த திரவத்தில்தான் காஸ் நன்றாகக் கரையும். அவசரப்பட்டுத் திறந்தால் மேலே நிற்கும் காஸ் ஒரே மூச்சில் போய்விடும். ஜாடியில் முதலில் போட்டதையும் சேர்த்து மொத்தச் சர்க்கரை லிட்டருக்கு 28 கிராம்தான் என்றாலும் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி மது இருக்கும். அதனால் பிள்ளைகளுக்குக் கிடையாது.

பாட்டில் தேடுகிறவர்கள் மகாத்மா காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் பொறுமையாகப் பாருங்கள். கழுத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். நான் அங்கே இரண்டு கோலி சோடா பாட்டிலும் வாங்கியிருக்கிறேன். அதைத் தலைகீழாக நிறுத்தினால் கோலி வாயை அடைத்துக்கொள்ளும். காஸ் ஏற ஏற இன்னும் இறுகும். நிமிர்த்தும்போது கழுத்தில் சேர்ந்த வண்டல் கலங்குமா என்பதுதான் கேள்வி. வெயில் காலத்தில் பண்ருட்டிப் பக்கம் முந்திரிப்பழம் வரும். அந்தத் துவர்ப்பை எடுக்க முடிந்தால் அதிலும் ஒரு கை பார்க்க வேண்டும்.

இப்போதைக்குப் பெட்டியில் ஐந்தாவது தடவைக்கான ஆறு பாட்டில் இருக்கிறது. இன்று இரண்டாம் நாள். மணி பத்தாகப் போகிறது, தூக்கில் தண்ணீர் மாற்ற வேண்டும்.