பைட்டையும் கட்டத்தையும் கூட்டவிடாத மொழி

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு பில்லும் தனிக் கோப்பு. 300 பைட்கூட வராது. ஆனால் லினக்ஸின் எக்ஸ்ட்4, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பமைப்பு, வழக்கமாக 4096 பைட் கட்டங்களாகத்தான் இடம் ஒதுக்கும். சின்ன பில்லுக்கும் முழுக் கட்டம் போய்விடுகிறது.

இந்த வீணடிப்பை, வட்டில் எதையும் எழுதாமலே கணக்கிட்டுப் பார்க்க ஒரு சின்ன நிரல்மொழி வடிவமைத்து வருகிறேன். கோப்பு, கட்டம், துண்டு (கட்டத்தின் ஒரு பகுதி) மூன்றும் அதன் அடிப்படை வகைகள். பைட்டையும் கட்டத்தையும் நேரடியாகக் கூட்டினால், நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் மறுத்துவிடும். பைட்டைக் கட்டமாக மாற்றும்போது மேல்நோக்கி முழுமையாக்குவதா, கீழ்நோக்கியா என்று சொல்லியே ஆகவேண்டும். சேமிப்புக் கணக்கில் பிழை ஒளிந்துகொள்வது அங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த மொழியில் முதலில் எழுதிப் பார்த்தது, 1984-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மெக்யூசிக், ஜாய் குழுவினர் விவரித்த யூனிக்ஸ் கோப்பமைப்பு. 4096 பைட் கட்டத்தை 1024 பைட் துண்டுகளாகப் பிரித்து, சின்னக் கோப்புகளை ஒரே கட்டத்தில் சேர்த்து வைக்கலாம் என்றார்கள். அப்படியென்றால் என் பில்கள் நான்கு ஒரு கட்டத்துக்குள் அடங்கும். எவ்வளவு அழகான யோசனை!

சரி, நடுவில் ஒரு கோப்பை நீக்கினால்? காலியாகும் இடத்தைத் தொடக்கம், நீளம் என்ற ஜோடியாக எழுதுகிறேன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் காலியிடங்களை மொழியே இணைக்க வேண்டும். அந்த விதியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.